அஃப்கேயின் பதின்மர்: நீன்கே ஃபான் ஹிக்துமும் அவர்தம் இரு மொழிகளும்

யாழ்ப்பாணக் கோட்டையைக் கண்டவர் யாவரும் ஒல்லாந்தரை அறிவர். 1658 ஆம் ஆண்டு தொடக்கம் 1795 ஆம் ஆண்டு வரை எமது வடபுலத்தை ஆண்ட அவர்களை ஒரே நாட்டினர், ஒரே மொழியினர் என்று கருதியே நாம் பழகிவிட்டோம். ஒல்லாந்து என்பது உண்மையில் அந்நாட்டின் பெயரன்று. அந்நாட்டின் ஒரு பகுதியின் பெயரேயாகும். 1579 ஆம் ஆண்டின் யூத்ரெக்ற் உடன்படிக்கையை அடிப்படையாகக் கொண்டு எழுந்த ஏழு மாகாணக் குடியரசில் ஒல்லாந்தும் ஒரு மாகாணம்; பிறீஸ்லாந்தும் ஒரு மாகாணம். பிறீஸ்லாந்து மக்களின் மொழி டச்சு மொழியின் கிளைமொழி அன்று. ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலே ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவுடைய மொழியென்று மொழிநூலார் கூறும் பிறீசிய மொழியே அவர்தம் வீட்டுமொழி. கடல் கடந்து வந்து எம்மவர்மீது ஆணை செலுத்திய அரசு தன் வீட்டுக்குள்ளேயே வேறொரு மொழியினரையும் உடையதாய் இருந்தது என்பதை எமது பாடநூல்கள் சொல்வதில்லை.

அந்த மொழியினருள் தோன்றிய ஒரு பெண் எழுத்தாளரைப் பற்றியதே இக்கட்டுரை. சிறுவர்க்காக எழுதியவர். இரு மொழிகளில் எழுதியவர். அவருடைய புனைபெயரும் இரு வடிவங்களை உடையது. டச்சு நூல்களின் அட்டையிலே அவர் 'நீன்கே வான் ஹிக்தும்' என்று காணப்படுவார். இன்றைய பிறீசிய எழுத்துமுறையில் 'நீன்கே ஃபான் ஹிக்தும்' என்று எழுதப்படுவார். வானும் ஃபானும் ஒரே பொருளுடைய சிறு சொற்கள். 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்பதே அப்பொருள். டச்சுக்காரர் நாவில் அவை ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். செவிக்கு ஒன்றாயினும் கண்ணுக்கு வேறு. அவருடைய வாழ்வையும் பணியையும் ஆராய்பவர் இந்த ஓரெழுத்து வேறுபாட்டைக் கடந்து செல்ல முடியாது.

அவரது இயற்பெயர் ஷௌக்யே பொக்மா டி பூர். 1860 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 ஆந் திகதி, பிறீஸ்லாந்தின் வடகிழக்கே டொக்கும் நகருக்கு அண்மையிலுள்ள நெஸ் என்னும் கிராமத்திலே பிறந்தார். தந்தையார் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர். ஒரு போதகரின் மகள் என்பது சமூக நிலையை மட்டுமன்றி மொழி நிலையையும் குறிக்கும். பிறீசிய மொழியில் முழு விவிலியம் வெளிவந்தது 1943 ஆம் ஆண்டிலேதான். அதுவரை கோயிலில் வாசிக்கப்பட்ட மறைநூல் டச்சு மொழியினது. பிரசங்க மேடையிலே டச்சு. வாங்குகளில் அமர்ந்து கேட்டவர் நாவிலே பிறீசியம். நீதிமன்றும் அரச அலுவலகமும் அவ்வாறே. பாடசாலையோ எல்லாவற்றினும் முதன்மையானது. 1806 ஆம் ஆண்டின் பாடசாலைச் சட்டம் நாடு முழுவதுக்கும் ஒரே வகையான ஆரம்பக் கல்வியை வகுத்தபோது, அக்கல்வியின் மொழி டச்சு என்பதில் ஐயத்துக்கே இடமிருக்கவில்லை. பிறீசியப் பிள்ளை தாயின் மடியிலே ஒரு மொழியைப் பேசக் கற்றது. பலகையிலே வேறொரு மொழியை எழுதக் கற்றது. முதன்மொழியை எழுதவோ வாசிக்கவோ அதற்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அம்மொழிக்கு இலக்கிய மரபு இல்லாமற் போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை. பதினேழாம் நூற்றாண்டிலே பொல்ஸ்வார்ட் நகரில் வாழ்ந்த கைஸ்பெர்ட் யாப்பிக்ஸ் (1603 - 1666) அதனைக் கவிதை மொழியாக உயர்த்தினார். ஷௌக்யே தம் புனைபெயருக்கு எடுத்துக்கொண்ட ஹிக்தும் என்னும் சிற்றூர் அந்தப் பொல்ஸ்வார்ட்டுக்கு அருகிலேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஹல்பெர்ட்ஸ்மா சகோதரர் மூவர் எழுதிய பாடல்களும் கதைகளும் 1871 இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டு, பிறீசியக் குடும்பங்கள் பலவற்றிலே மறைநூலுக்கு அடுத்தபடியாகப் போற்றப்பட்டன. 1844 இல் பிறீசிய மொழிக்கும் எழுத்துக்குமெனத் தனிச் சங்கமொன்று அமைந்தது. ஆகவே எழுதுவார் இருந்தனர். வாசிப்போர் எவ்வாறு உருவாயினர் என்பதே வினா. வளர்ந்தவர் தம் டச்சு எழுத்தறிவைக் கொண்டு பிறீசியத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிடலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? சிறுவர் இலக்கியத்துக்கே உரிய இந்த இடர்ப்பாட்டைப் பெரியோர் இலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரிதாக எண்ணுவதில்லை.

ஷௌக்யேயின் முதல் நூல் பிறீசிய மொழியிலேயே வெளிவந்தது. 1887 இல் வெளியான அந்நூலின் பெயரை 'மம்மற் பொழுதுக் கதைகள்' என்று தமிழிற் கூறலாம். விளக்கேற்றுவதற்கு முன்னுள்ள அரையிருளைக் குறிக்கும் பிறீசியச் சொல்லுக்கு எமது பேச்சுவழக்கிலுள்ள 'மம்மல்' என்ற சொல்லைவிடப் பொருத்தமானதொன்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணெய் வீணாகுமென்று விளக்கைத் தாமதித்து ஏற்றும் வீடுகளிலே அப்பொழுதுதான் கதைப்பொழுது. கேட்பதற்குரிய கதைகள் அவை. மொழி பற்றிய இடர்ப்பாடு அங்கே எழுவதில்லை. தாய் வாசிப்பாள், பிள்ளை கேட்கும்.

1888 இல் அவர் பீற்றர் யெல்லெஸ் துறூல்ஸ்திறாவை மணந்தார். இருவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள். துறூல்ஸ்திறாவை நெதர்லாந்தின் அரசியல் வரலாறு நன்கறியும். 1894 இல் சமூக சனநாயகத் தொழிலாளர் கட்சியை நிறுவியோருள் ஒருவர்; 1897 இல் நாடாளுமன்றம் புகுந்தவர்; 1900 இல் தொடங்கப்பட்ட 'மக்கள்' என்னும் கட்சி நாளேட்டின் முதலாவது பிரதம ஆசிரியர்; 1918 நவம்பரில் புரட்சி வந்துவிட்டதென அறிவித்துப் பின்னர் அது வாராமையால் நகைப்புக்கு உள்ளானவர். ஆனால் 1888 இல் அவர் இவற்றுள் எதுவுமாக இருக்கவில்லை. லேவார்டனில் தொழில்புரியும் இளஞ் சட்டத்தரணி. பிறீசிய மொழிக் கவிஞர். 'வீட்டுக்கும் வளவுக்கும்' என்று பொருள்படும் பெயரையுடைய பிறீசியக் குடும்பச் சஞ்சிகை ஒன்றை அவ்வாண்டிலேதான் தொடங்கினார். அதிலே சிறுவருக்கு எழுதியவர் மனைவி. கவிஞரான கணவரும் கதைசொல்லியான மனைவியுமாக இருவரும் பிறீசிய எழுத்துலகிலே ஒருங்கு நின்ற சில ஆண்டுகள் அவை.

அந்நிலை நீடிக்காமைக்குக் காரணம் மொழியன்று, பொருளாதாரம். 1878 ஆம் ஆண்டளவிலே தொடங்கி 1895 வரை நீடித்த விவசாய நெருக்கடி பிறீஸ்லாந்தை உலுப்பியது. அமெரிக்காவிலிருந்து மலிவாக வந்த தானியம் உழவரைத் தாக்கியது. மாஜரினின் வரவு பிறீசிய வெண்ணெயின் சந்தையைக் கெடுத்தது. பண்ணையாளர் நட்டத்தைக் கூலியாட்களின் தலையிற் சுமத்தினர். பலர் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். எஞ்சியோரிடையே சமவுடைமைக் கருத்துகள் வேகமாகப் பரவின. 1888 இல் நெதர்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதலாவது சமவுடைமைவாதியான டொமேலா நியூவன்ஹுய்ஸ் ஒரு பிறீசியத் தொகுதியிலிருந்தே சென்றார் என்பது மனங்கொளத்தக்கது. ஏழைத் தொழிலாளருக்காக வழக்காடிய துறூல்ஸ்திறாவும் இவ்வலையிலே ஈர்க்கப்பட்டார். 1893 இல் குடும்பம் லேவார்டனை விட்டு அம்ஸ்ரடாமுக்குப் பெயர்ந்தது. தொழிலாளரை நாடு முழுவதும் ஒன்றுதிரட்டப் புறப்பட்டவர் நாட்டின் பெருமொழியிலேயே பேசவும் எழுதவும் வேண்டியவரானார். அவருடைய பிறீசியக் கவிதைகள் 1909 இல் தொகுப்பாக வெளிவந்தனவாயினும், அவை பெரும்பாலும் கழிந்துபோன ஓர் இளமையின் அறுவடையாகவே அமைந்தன.

ஷௌக்யேயும் டச்சு மொழியில் எழுதலானார். 1898 இல் கிறீன்லாந்துப் பனிநிலச் சிறுவன் ஒருவனைப் பற்றிய 'சிப்-சு', மறு ஆண்டிலே தென்னாபிரிக்கச் சிறுவன் ஒருவனின் கதை எனத் தொலைதேச மக்களைப் பற்றிய நூல்கள் தொடர்ந்தன. அந்நாடுகளுக்குப் போகாமலே, பயண நூல்களையும் இனவியல் நூல்களையும் படித்து எழுதியவை அவை. ஆபிரிக்க மக்களைச் சுட்ட அவர் பயன்படுத்திய சொல் அக்காலத்து ஐரோப்பியர் வழங்கியதே. இன்று எவரும் அதனைக் கூசாமல் எடுத்தாளார். ஆயினும் வேற்று நிறத்துப் பிள்ளையை வேடிக்கைப் பொருளாக்காது கதையின் நடுவே நிறுத்தி, அதன் பசியையும் விளையாட்டையும் தன் வாசகப் பிள்ளையினுடையவற்றைப் போலவே கருதச் செய்த முயற்சியை அந்நூல்களிலே காணலாம். பிறீசியக் குடிசைக்கு அவர் திரும்பி வந்தபோது இந்தப் பயிற்சி அவருக்கு உதவியது என்பது என் கருத்து. நாட்டின் மேற்கு நகரங்களிலே வாழ்ந்த நடுத்தர வகுப்புப் பிள்ளைக்குப் பிறீசியக் கூலித்தொழிலாளியின் வீடு கிறீன்லாந்தைவிட அண்மையானது அன்று.

1903 இல் 'அஃப்கேயின் பதின்மர்' வெளிவந்தது. அவருடைய பெயரை நிலைநிறுத்திய நூல் இதுவே.

லேவார்டனுக்குத் தெற்கேயுள்ள வார்கா என்னும் கிராமத்திலே வாழ்ந்த ஒரு குடும்பமே இக்கதைக்கு மூலம். துறூல்ஸ்திறா வீட்டிலே பணிபுரிந்த பெண்ணொருத்தி தன் வீட்டாரைப் பற்றிச் சொன்னவற்றை எசமானி கேட்டிருந்தார். அப்பெண்ணின் தாயான ஹார்ம்கே துயின்ஸ்திறாவே கதையில் அஃப்கே ஆனவர். தந்தை மார்ட்டன் கூலித்தொழிலாளி; பிள்ளைகள் பதின்மர். பத்தாவது பிள்ளை பிறக்கும்போது கதை தொடங்குகிறது. பெரும் நிகழ்ச்சிகள் எவையுமில்லை. ஒரு சிறிய வீட்டிலே பன்னிருவர் எவ்வாறு உண்கின்றனர், உறங்குகின்றனர், உடுக்கின்றனர், யார் எப்போது பள்ளிக்குப் போவதை விட்டு உழைக்கப் போகின்றனர் என்பனவே நிகழ்ச்சிகள். பிற்பதிப்புகளுக்குப் படம் வரைந்தவர் கோர்னேலிஸ் யெட்செஸ்.

இந்நூல் வெளிவந்த ஆண்டு கவனிக்கற்பாலது. 1903 இன் முற்பகுதியிலே நெதர்லாந்தின் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். பிரதமர் ஆபிரகாம் கைப்பர் வேலைநிறுத்தத்துக்கு எதிரான சட்டங்களைக் கொணர்ந்தார். ஏப்ரலில் நிகழ்ந்த பொது வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. துறூல்ஸ்திறா நிலைதடுமாறினார் என்ற பழி அவரை நெடுநாள் தொடர்ந்தது. அத்தகைய ஆண்டிலே, அவருடைய மனைவி எழுதிய தொழிலாளர் குடும்பத்துக் கதையிலே வேலைநிறுத்தமும் இல்லை, செங்கொடியும் இல்லை. இதனை வைத்து, வறுமையை இனியதாகக் காட்டும் நூல் என்று அதனை ஒதுக்குவது எளிது. பொறுமையுள்ள தாய், கீழ்ப்படிவுள்ள பிள்ளைகள், கிடைத்ததைக் கொண்டு மகிழும் குடும்பம் என்பன இருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன்.

ஆயினும் அக்காலத்துச் சிறுவர் நூல்களோடு ஒப்பிடும்போது வேறொன்று புலனாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறுவர் கதைகளிலே ஏழை என்பவர் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளை தன் இரக்கத்தைக் காட்டுவதற்கென வாயிலிலே நிறுத்தப்படுபவர். அவருக்குப் பெயர்கூட இராது. இங்கோ கதை முழுவதும் ஏழை வீட்டுக்குள்ளேயே நிகழ்கிறது. பதின்மருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிக் குணம். தொழிற்சாலைகளிலே பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு அமர்த்துவதை 1874 ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது. ஆனால் வயல்வேலையையும் வீட்டுவேலையையும் அது தீண்டவில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 1900 இல் 50 வாக்குகளுக்கு எதிராக 49 வாக்குகள் என்ற நிலையில், ஒரே வாக்கினால் நிறைவேறி, 1901 இல் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் பயிர்த்தொழிற் காலங்களிலே பிள்ளைகளுக்கு விடுப்பு வழங்க இடமளிக்கப்பட்டது. ஆகவே பிறீசியக் கூலியாளின் பிள்ளை சட்டங்களின் இடைவெளிகளிலே வளர்ந்த பிள்ளை. அப்பிள்ளையைக் கதைத்தலைமைக்கு உரியதாகக் கொண்டமை, ஒரு முழக்கமும் இன்றிச் செய்யப்பட்டதாயினும், சிறிய செயலன்று. கட்சிக் கூட்டங்களிலே கணவர் 'தொழிலாளர் வர்க்கம்' என்று விளித்ததை மனைவி பத்துப் பெயர்களாக எழுதினார் எனலாம்.

இனி, இக்கட்டுரையின் மையமான வினாவுக்கு வருவோம். பிறீசியக் கிராமத்தைப் பற்றி, பிறீசியக் குடும்பத்தைப் பற்றி, பிறீசிய மொழியிலே எழுத வல்லவரான ஒருவர், தம் தலைசிறந்த நூலை ஏன் டச்சு மொழியில் எழுதினார்? மார்ட்டனும் அஃப்கேயும் தம் வாழ்நாளிலே ஒருவரோடொருவர் டச்சு மொழியிற் பேசியிருக்க மாட்டார்கள். நூலிலே அவர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்பே. மூலம் எழுதப்படாமலே மொழிபெயர்ப்பு முதலில் வெளிவந்துவிட்டது. பிற்காலத்தில் வேறொருவர் அதனைப் பிறீசியத்தில் ஆக்கியபோது நூலின் பெயரே சற்று மாறியது. டச்சுப் பெயர் 'அஃப்கேயின் பதின்மர்'. பிறீசியப் பெயரோ 'மார்ட்டனின் அஃப்கேயின் பதின்மர்' என்று பொருள்படும். கிராமத்திலே ஒரு பெண்ணை அவள் கணவன் பெயரோடு சேர்த்து வழங்கும் முறை அது. வெளியாருக்கு அஃப்கே என்ற பெயர் போதும். ஊராருக்கு எந்த அஃப்கே என்று தெரிய வேண்டும். 1932 இல் அவர் எழுதிய மற்றொரு பிறீசியக் கிராமக் கதைக்கு, டச்சு நூலாயிருந்தும், 'ஸிப்கேயின் ஃப்றௌக்யேயின் யெல்லே' என்று அந்தக் கிராமத்து முறையிலேயே பெயரிட்டார். முப்பது ஆண்டுகளிலே அவர் எதைத் திரும்பப் பெற விரும்பினார் என்பதை அந்தத் தலைப்பு ஓரளவுக்குக் காட்டுகிறது.

தாய்மொழியைக் கைவிட்டார் என்று அவர்மீது குற்றஞ்சாட்டுவது எளிது. பதிப்பகத்தைச் சற்று நோக்குவோம். நூலை வெளியிட்டது குறோனிங்கன் நகரத்து வொல்ரர்ஸ் நிறுவனம். பாடசாலை நூல்களை வெளியிடுவதிலே பெயர்பெற்ற நிறுவனம் அது. படம் வரைந்த யெட்செஸ் யார்? நெதர்லாந்தின் பல தலைமுறைப் பிள்ளைகள் எழுத்தறிவதற்குப் பயன்பட்ட, குரங்கு, கொட்டை, மீஸ் என்னும் பூனை என்று தொடங்கும் வாசிப்புப் பலகையின் படங்களை வரைந்தவரும் அவரே. பிறீசியப் பிள்ளையும் அதே வாசிப்புப் பலகையின் முன்னேதான் இருத்தப்பட்டது. அதிலே பிறீசியச் சொல் ஒன்றேனும் இல்லை. பள்ளி, பதிப்பகம், படம், வாசகன் ஆகிய நான்கும் ஒரே மொழியிலே கோக்கப்பட்டிருந்த சங்கிலி அது. 1899 இல் பிறீஸ்லாந்தின் குடித்தொகை சுமார் 340,000. அவர்களுள் தம் மொழியை வாசிக்கப் பழகிய பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். ஏனெனில் பழக்குவதற்கு இடமே இருக்கவில்லை. பாடசாலை நேரம் முடிந்தபின் நடைபெறும் பிறீசிய வகுப்புகளுக்கு மாகாண நிருவாகம் முதன்முதலாக நிதியுதவி வழங்க முன்வந்தது 1907 இலேயாம். அஃப்கே வெளிவந்து நான்கு ஆண்டுகளின் பின்பு. கவிஞன் இன்று வாசகர் இல்லையேல் நாளைய வாசகர்க்கென எழுதி வைக்கலாம். சிறுவர் எழுத்தாளருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய வாசகர் பத்து ஆண்டுகளிலே பெரியவராகிவிடுவர்.

எனவே அவர் மொழியைத் தெரிந்தெடுத்தார் என்பதைவிட, பாடசாலை அவருக்காகத் தெரிந்தெடுத்துவிட்டது என்பதே பொருந்தும். இதிலே இழப்பும் உண்டு, பேறும் உண்டு. டச்சில் எழுதியமையாலேயே அம்ஸ்ரடாம் பிள்ளையும் வார்காவின் குடிசையை அறிந்தது. 1936 இல் ஆங்கிலத்திலும் அந்நூல் வெளிவந்தது. நாடு முழுவதுக்கும் பிறீசிய ஏழையை அறிமுகஞ் செய்த நூல், பிறீசிய ஏழையின் பிள்ளைக்கு அதன் தாய்மொழியிலே கிடைக்கவில்லை. இவ்விரண்டையும் ஒன்றையொன்று ஈடுசெய்வனவாகக் காட்ட முயல்வோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. பேறு நாட்டுக்கு, இழப்பு மொழிக்கு. பெற்றவரும் இழந்தவரும் ஒருவரல்லர்.

பொருளியற் காரணமொன்றும் உண்டு. அவருடைய இல்வாழ்க்கை நன்முறையில் நிலைக்கவில்லை. நெடுங்காலம் நோயுற்றிருந்தார். கட்சிப் பணியிலே மூழ்கிய கணவர் வீட்டைவிட்டு வெகுதூரம் சென்றிருந்தார். 1907 இல் மணமுறிவு ஏற்பட்டது. அதே ஆண்டிலே துறூல்ஸ்திறா, ஷௌக்யே என்ற அதே பெயரையுடைய வேறொரு பெண்ணை, ஷௌக்யே ஓஸ்ரர்பானை, மணந்தார். அக்காலத்து நெதர்லாந்திலே திருமணமான பெண்ணுக்குச் சட்டத்தின் முன் தனி நிலை பெரிதும் இருக்கவில்லை. வாக்குரிமை 1919 இலேயே பெண்களுக்குக் கிடைத்தது. நாற்பத்தேழு வயதில் தனித்து நின்ற பெண் பேனாவையே துணையாகக் கொண்டார். கதை எழுதினார், பல நாட்டு நாடோடிக் கதைகளைத் தொகுத்துச் சிறுவர்க்கென மீளச் சொன்னார், பிறர் எழுதிய சிறுவர் நூல்களை மதிப்பிட்டு எழுதினார், மொழிபெயர்த்தார். மில்னின் கரடிக்குட்டி வின்னியை 1929 இல் நெதர்லாந்துப் பிள்ளைகளுக்கு முதன்முதல் டச்சு மொழியில் அறிமுகப்படுத்தியவர் இவரே என்பது பலருக்குத் தெரியாது. இத்துணை வேலையையும் பிறீசிய மொழியிலே செய்து ஒருவர் வயிறு கழுவியிருக்க முடியாது.

துறூல்ஸ்திறா 1930 இல் இறந்தார். அவர் நான்கு தொகுதிகளாகத் தன் நினைவுகளை எழுதி வைத்தார். நாட்டின் வரலாற்று நூல்கள் அவற்றை எடுத்தாள்கின்றன. ஷௌக்யே அவ்வாறு எதையும் விட்டுச் செல்லவில்லை. நெடுங்காலம் வரலாற்று நூல்களிலே அவர் ஒரு தலைவரின் முதல் மனைவி. சிறுவர் அலுமாரியிலே வேறொரு பெயருடைய ஆசிரியை. அவ்விருவரும் ஒருவரே என்பதை அறியாமலே பலர் அஃப்கேயை வாசித்தனர். மகள் டியூக்கே, மகன் யெல்லே என இரு பிள்ளைகள், யெல்லே ஓவியரானார். 1939 ஆம் ஆண்டு ஜனவரி 9 ஆந் திகதி, ஹில்வர்சம் நகரிலே ஷௌக்யே காலமானார்.

அவருடைய காலத்திலே மூடப்பட்டிருந்த பாடசாலைக் கதவு மிக மெதுவாகவே திறந்தது. 1937 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வட்டார மொழியொன்றைக் கற்பிப்பதற்குச் சிறிது இடமளித்தது. உண்மையான திருப்பம் ஏற்பட்டதோ பாடசாலையில் அன்று, நீதிமன்றத்திலே. பிறீசிய மொழியிற் பேசியவரைச் செவிமடுக்க மறுத்த நீதிபதி ஒருவரைக் கண்டித்து எழுதியமைக்காகக் கவிஞரும் பத்திரிகையாளருமான பெட்டே ஸ்கூரர் விசாரிக்கப்பட்டார். 1951 நவம்பர் 16 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, லேவார்டன் நீதிமன்றத்தின் முன் கூடிய மக்கள்மீது பொலிசார் குண்டாந்தடி கொண்டு தாக்கினர், நீரும் பாய்ச்சினர். 'தடியடி வெள்ளி' என்று பிறீசியர் இன்றும் அந்நாளை வழங்குவர். அதன்பின் அரசு அசைந்து கொடுத்தது. 1955 இல் ஆரம்ப வகுப்புகளிலே பிறீசியத்தைப் போதனா மொழியாகக் கொள்ளச் சட்டம் இடமளித்தது. 1956 இல் நீதிமன்றத்திலும் அதற்கு இடங் கிடைத்தது. 1980 இலே மாகாணத்தின் ஆரம்பப் பாடசாலைகள் யாவற்றிலும் பிறீசியம் கட்டாய பாடமானது. அஃப்கே வெளிவந்து எழுபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இன்று லீடா டைக்ஸ்திறாவைப் போல இரு மொழிகளிலும் சிறுவர்க்கு எழுதுவோர் அங்குள்ளனர். எந்தக் கதையை எந்த மொழியில் எழுதுவது என்று அவர்கள் தாமே தீர்மானிக்கலாம். தீர்மானிப்பதற்கு ஏதோ ஓரளவு இடமேனும் உண்டு. வார்கா கிராமம் இன்று வெர்ஹியா என்ற தன் பிறீசியப் பெயரைப் பெற்றுவிட்டது.

1964 இலே சிறுவர் இலக்கியத்துக்கென அவர் பெயரால் ஒரு பரிசு நிறுவப்பட்டது. அப்பரிசின் பெயரிலே அவர் 'வான் ஹிக்தும்'. 2001 இலே பீற்றர் பெர்ஹூப் அவருடைய மணவாழ்வைத் திரைப்படமாக்கினார். மோனிக் ஹென்றிக்ஸ் ஷௌக்யேயாக நடித்தார். படத்திலே பிறீசியமும் டச்சும் கலந்து ஒலிக்கின்றன. படத்தின் பெயர் பிறீசிய எழுத்திலே 'நீன்கே' என்பது மட்டுமே. 2005 இலே ஔக்யே ஹொல்ற்றொப் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு வெளியாயிற்று. முழுக்க முழுக்க டச்சு மொழியில் எழுதப்பட்ட நூல் அது. அதன் அட்டையிலே 'வான் ஹிக்தும்' என்றுள்ளது.